‘என் தலை, என் விருப்பம்’ என்பவரை ஹெல்மெட் அணியச் செய்வது எப்படி

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள் எங்கே ஹெல்மெட்டை அணிகிறார்கள், எங்கே கழற்றுகிறார்கள் என்பதை முள்ளோடை எல்லையில் கால் மணி நேரம் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். அதுவரை முழங்கையில் மாட்டியிருந்த ஹெல்மெட், காக்கிச் சட்டையைக் கண்டதும் தலைக்கு ஏறுகிறது. கன்னியக்கோயிலைத் தாண்டுவதற்குள் பெட்ரோல் டேங்கின் மேல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. தலையில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களிலும் தாடைப்பட்டை பலருக்குக் காற்றில் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. ஹெல்மெட்டைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டுமா, அவரவர் விருப்பத்துக்கு விட வேண்டுமா என்ற விவாதத்தில் நான் சட்டத்தின் பக்கம் நிற்கிறேன். ஆனாலும் சட்டத்தால் ஹெல்மெட்டை வண்டி வரைக்கும்தான் கொண்டுவந்து சேர்க்க முடிகிறது என்பதையும் அதே சாலையில்தான் கற்றுக்கொண்டேன். அங்கிருந்து தலைக்குக் கொண்டுபோய்ப் பட்டையைப் பூட்டுகிற வேலை வீட்டில் இருப்பவர்களுடையது. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது என் பெரியப்பாவின் ஹெல்மெட். ஒரு நாள் மாலை அரியாங்குப்பம் பாலத்துக்குச் சற்று முன்னால் நாய் ஒன்று குறுக்கே ஓடிவர, அவர் பிரேக்கை அழுத்தி வலது பக்கமாக விழுந்தார். ஹெல்மெட் அணிந்துதான் இருந்தார்; பட்டையை மாட்டவில்லை. விழுந்த வேகத்தில் ஹெல்மெட் முதலில் கழன்று உருண்டது, தலை அதற்குப் பிறகு தார்ச்சாலையில் மோதியது. அந்த ஹெல்மெட்டை நான் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். விளிம்பில் கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். உள்ளே இருந்த தெர்மாகோல் துளிகூட நசுங்கவில்லை. தன் வேலையைச் செய்ய அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. பெரியப்பா பிழைத்துக்கொண்டார், ஆனால் வாசனை அறியும் புலனை இழந்துவிட்டார். மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நுண்ணிய நரம்புகள் சல்லடை போன்ற ஓர் எலும்பின் துளைகள் வழியாக ஏறுகின்றன. தலை சட்டென்று அதிரும்போது அவை அறுந்துபோகக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார். இன்று அடுப்பில் நெத்திலி வறுபட்டுக் கருகினாலும் அவருக்குத் தெரியாது. சமையலறை வாசலில் நின்று, “கேஸ் நாத்தம் ஏதாவது வருதாடா தம்பி?” என்று என்னைக் கேட்பார்.

முதலில் காரணத்தைக் கேட்டு அறியுங்கள்

ஹெல்மெட் அணியாதவரிடம் பேசும்போது அபராதத்திலிருந்து தொடங்க வேண்டாம். அபராதத்தைச் சொன்னால் போலீஸ் நிற்கும் இடத்தை விசாரித்துத் தெரிந்துகொள்வாரே தவிர, பட்டையை மாட்ட மாட்டார். அதிகாலை மூன்றரைக்குக் கடலூர் முதுநகர்த் துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போகிற வியாபாரியை எந்தச் சோதனைச் சாவடியில் யார் நிறுத்தப்போகிறார்கள்? இருட்டும் அவசரமும் தூக்கமும் சேர்ந்த அந்த நேரத்தில்தான் அவருக்கு ஹெல்மெட் அதிகம் தேவைப்படுகிறது. ஆகவே, ஏன் அணிவதில்லை என்பதை முதலில் கேளுங்கள். பதில் ஆளுக்கு ஆள் வேறாக இருக்கும். உங்கள் மறுமொழியும் அதற்கேற்ப மாற வேண்டும்.

“பக்கத்துக் கடைக்குத்தான் போறேன், மெதுவாத்தான் ஓட்டறேன்” என்பதே நான் அதிகம் கேட்ட பதில். இதற்குப் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றே போதும். வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது மணிக்கு 19 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் இருக்கும். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இதே கணக்குத்தான். வெறுந்தலை தார்ச்சாலையில் மோதினால் அந்த வேகம் முழுவதும் சில மில்லிமீட்டர் தொலைவுக்குள் அடங்கியாக வேண்டும். ஹெல்மெட்டின் உள்ளிருக்கும் தெர்மாகோல் அடுக்கு நசுங்கி, அந்தத் தொலைவை இருபது, இருபத்தைந்து மில்லிமீட்டராக நீட்டிக் கொடுக்கிறது. 3 மில்லிமீட்டரில் நிற்பதற்கும் 25 மில்லிமீட்டரில் நிற்பதற்கும் தலைமேல் விழும் விசையில் ஏறத்தாழ எட்டு மடங்கு வித்தியாசம் உண்டு. ஹெல்மெட் செய்யும் வேலையின் சாரம் இதுதான். வெளி ஓடு அடியைப் பரவலாக்கித் தருகிறது. உள் அடுக்கு தான் நசுங்கித் தலையைக் காக்கிறது. உலகம் முழுவதும் நடந்த 61 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2008-இல் வெளிவந்த, காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, விபத்துக்குள்ளானவர்களில் ஹெல்மெட் அணிந்தவர்களுக்கு மரண ஆபத்து 42 சதவீதமும் தலைக்காய ஆபத்து 69 சதவீதமும் குறைவு என்று கண்டது.

“ரோட்டை முதல்ல ஒழுங்கா போடட்டும், அப்புறம் ஹெல்மெட் கேக்கட்டும்” என்பவரின் கோபம் நியாயமானது, அதை மறுக்காதீர்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு நம் பகுதிச் சாலைகளில் பள்ளத்தையும் தேங்கிய தண்ணீரையும் பிரித்தறிய முடிவதில்லை. சாலைக்காக மனு கொடுப்பதென்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லுங்கள். அத்தோடு, பள்ளம் மூடப்படும் வரை அந்தச் சாலையில்தான் போய்வர வேண்டும் என்பதையும், சாலை மோசமாக இருப்பது தலையை மூடுவதற்கு இன்னுமொரு காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

‘என் தலை, என் விருப்பம்’ என்ற வாதம்

இதைச் சொல்பவரை அலட்சியமாகக் கடந்துவிடக் கூடாது. மற்ற காரணங்களைப் போல இது சாக்கு அல்ல, கொள்கை. அமெரிக்காவில் 1966-இல் வந்த சட்டம், நெடுஞ்சாலை நிதி வேண்டுமானால் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு நிபந்தனை விதித்தது. தனிமனிதச் சுதந்திரத்தின் பெயரால் எழுந்த எதிர்ப்பின் விளைவாக 1976-இல் அந்த நிபந்தனை நீங்கியது. அதன்பின் பல மாநிலங்கள் சட்டத்தைத் தளர்த்தின. மிச்சிகன் 2012-இல் தளர்த்தியபோது, 21 வயது நிறைந்தவர் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாம், ஆனால் குறைந்தது 20,000 டாலருக்கு மருத்துவக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்றது. அந்த ஒரு வரியைக் கவனியுங்கள். விருப்பத்தை அனுமதித்தவர்களே, அதன் செலவு மற்றவர்கள் தலையில் விழும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

நம்மிடமும் அந்தச் செலவு பொதுவில்தான் விழுகிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை நிர்ணயித்த வரம்புக்குள் ஏற்றுக்கொள்கிறது. அது நல்ல திட்டம். அதற்கான பணம் எல்லோருடைய பணம். 48 மணி நேரத்துக்குப் பிறகு வீடு சுமக்கிறது. பெரியப்பா மருத்துவமனையில் இருந்த நாள்களில் பெரியம்மா வளையல்களை அடகு வைத்தார், அண்ணன் வேலைக்குப் போகவில்லை, நான் இரவுகளில் வார்டு வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தேன். பேச்சில் அவ்வளவாக வராத இன்னொருவரும் இருக்கிறார்: வேறு விபத்துகளில் எதிரே வந்து மோதும் வண்டியின் ஓட்டுநர். ஒரே மோதலில் எதிராளி காயத்தோடு எழுந்து நடந்தால் அவர் மீது ஒரு வழக்கு. இறந்துபோனால் அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக வேறொரு வழக்கு. நான் அணியாத ஹெல்மெட் முன்பின் தெரியாத ஒரு லாரி ஓட்டுநரின் வாழ்க்கையையும் மாற்றிவிடக்கூடும்.

சட்டம் தன் எல்லையை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு பொது இடத்தில் ஓட்டும்போது மட்டுமே ஹெல்மெட் கேட்கிறது. சொந்த வயல் வரப்பில் ஓட்டுபவரை அது தொடுவதில்லை. தலைப்பாகை அணியும் சீக்கியருக்கு விலக்குத் தருகிறது. நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும், அதாவது பின்னால் உட்காருபவருக்கும், அது பொருந்தும். மீறினால் 1,000 ரூபாய் அபராதத்துடன் மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமமும் நிறுத்திவைக்கப்படலாம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பிரிவின் விளக்கப் பகுதி: பட்டையாலோ வேறு பிடிப்பாலோ தலையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருந்தால்தான் அது பாதுகாப்புக் கவசம். பட்டை மாட்டாதவர் சட்டத்தின் கண்ணிலும் ஹெல்மெட் அணியாதவர்தான்.

தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கண்டிப்பாக்கப்பட்டது. புதுச்சேரியின் கதை வேறு. 2019 பிப்ரவரியில் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி விதியை உடனே அமல்படுத்த வேண்டும் என்றார். முதல்வர் நாராயணசாமி முதலில் விழிப்புணர்வு, பிறகு படிப்படியாக அமலாக்கம் என்றார். ஆளுநர் மாளிகையான ராஜ் நிவாஸ் வாசலில் முதல்வரே தர்ணாவில் அமர்ந்ததற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. அந்த நாள்களில் சட்டமன்ற உறுப்பினர்கள் சிலர் சாலையில் ஹெல்மெட்டை உடைத்தும் காட்டினார்கள். அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. விழிப்புணர்வு முதலில் வர வேண்டும் என்ற வாதத்தை என்னால் மதிக்க முடிகிறது. உடைத்துக் காட்டிய செயல், இது உடைக்கத் தகுந்த பொருள் என்ற எண்ணத்தைப் பார்த்த பிள்ளைகளின் மனத்தில் விதைத்துவிட்டது.

வாங்கும்போது

அவர் இணங்கிவிட்டார் என்றால், அந்த வாரமே அவரையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஆள் இல்லாமல் அளவு பார்த்து வாங்க முடியாது. புது வண்டி வாங்குகிறவராக இருந்தால், வண்டியோடு ஹெல்மெட் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருப்பதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டைச் செய்வதும் விற்பதும் 2021 ஜூன் 1 முதல் சட்டப்படி குற்றம். இருந்தும் சாலையோரக் குவியல்களில் முத்திரையைப் போல ஒட்டிய காகிதத்தோடு பல கிடைக்கின்றன. உண்மையான முத்திரைக்கு மேலே ‘ஐ.எஸ். 4151’ என்ற தர எண்ணும், கீழே ‘சி.எம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணை, முத்திரையை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் தயாரிப்பாளர் யார், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பது தெரியும். செயலி இல்லாவிட்டால் உள் ஸ்பாஞ்சைச் சற்று விலக்கி விரலால் அழுத்திப் பாருங்கள். இறுக்கமான, தடித்த தெர்மாகோல் அடுக்கு கையில் தட்டுப்பட வேண்டும். பிளாஸ்டிக் ஓட்டுக்கும் துணிக்கும் நடுவே மெல்லிய பஞ்சு மட்டும் இருந்தால் அது வெயிலுக்கான தொப்பி. கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

அளவை இஞ்சி டேப்பால் எடுக்க வேண்டும். புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே தொடங்கி, காதுகளுக்கு மேலாகப் பின்தலையின் புடைப்பைச் சுற்றி வரும் சுற்றளவே உங்கள் அளவு. பெரும்பாலான ஹெல்மெட்டுகளில் 580, 600 என்று மில்லிமீட்டரில் அச்சிட்டிருப்பார்கள். போட்ட பிறகு ஹெல்மெட்டைப் பிடித்து இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். நெற்றித்தோல் கூடவே நகர வேண்டும். ஹெல்மெட் தனியாகச் சுழன்றால் அது பெரியது. கன்னம் கொஞ்சம் அமுங்குவது நல்லது, நாளாக ஆக ஸ்பாஞ்சு இளகிவிடும். நெற்றியில் ஒரே புள்ளியில் வலித்தால் மட்டும் வேறு வடிவம் பாருங்கள். கடையிலேயே பத்து நிமிடம் போட்டுக்கொண்டு நில்லுங்கள். “நாளாக நாளாகச் சரியாயிடும், சார்” என்று ஒரு அளவு பெரியதைக் கட்டிக்கொடுக்கும் கடைக்காரருக்கு இணங்க வேண்டாம். பக்கவாட்டில் தெரியாது என்று அஞ்சுகிறவர் இரண்டு கைகளையும் தோளுக்கு நேராக நீட்டி விரல்களை அசைத்துப் பார்க்கட்டும். தரமான ஹெல்மெட்டுக்குள்ளிருந்து விரல்கள் தெரியும்.

முகம் முழுவதும் மூடியதை வாங்குவதே மேல். பாதித் தலையை மூடுவது வெயிலில் இதமாக இருக்கும். ஆனால் முன்புறமாக விழுகிறவருக்குத் தாடையும் பற்களும் தப்பாது.

பட்டை

வாங்கியதில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. பட்டையை மாட்டிய பிறகு தாடைக்கும் அதற்கும் இடையே இரண்டு விரல் நுழையலாம், மூன்றாவது நுழையக் கூடாது. அடுத்து, வீட்டில் ஒருவர் பின்னால் நின்று ஹெல்மெட்டின் பின்விளிம்பைப் பிடித்து மேலும் முன்னுமாகத் தள்ளிப் பார்க்கட்டும். கண்ணை மறைக்கும் அளவுக்கு அது முன்னால் சரிந்தால் பட்டை தளர்வு, அல்லது அளவே பெரியது. பெரியப்பாவின் ஹெல்மெட்டை இப்படிச் சோதித்துப் பார்த்திருந்தால் முதல் தள்ளலிலேயே அது கழன்று வந்திருக்கும். எங்களுக்குத்தான் அன்று தெரியவில்லை. பூட்டின் பல் தேய்ந்து தானாகத் திறந்துகொள்வதும் உண்டு. மாட்டியபின் ஒருமுறை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். சாவியைப் போடுமுன் பட்டையைப் பூட்டும் ‘டக்’ என்ற சத்தம் கேட்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் வழக்கமாக்கிவிட்டோம். இப்போது குழந்தைகளே அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

கொண்டை போட்டு மல்லிகைச் சரம் வைக்கும் பெண்களுக்கு ஹெல்மெட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். பின்னலைக் கழுத்தளவில் தாழ்த்திக் கட்டி, பூவைப் பையில் வைத்துக்கொண்டு, போன இடத்தில் சூடிக்கொள்வது வழக்கமாகிவிட்டால் சிரமம் தெரியாது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு அதன் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட்டும், ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்புக் கச்சையும் வேண்டும், வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடப்பில் இருக்கிறது. பெரியவர் ஹெல்மெட்டைக் குழந்தைக்கு மாட்டுவது ஒருபோதும் கூடாது.

வியர்வையையும் முடி உதிர்வையும் சொல்பவருக்கு மெல்லிய பருத்தித் துணியொன்று போதும். தடித்த துண்டைச் சுற்றினால் பொருத்தம் கெட்டுவிடும். ஸ்பாஞ்சு கழற்றக்கூடியதாக இருந்தால் வாரம் ஒருமுறை ஷாம்பு நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெளி ஓட்டைப் பெட்ரோலாலோ தின்னராலோ துடைக்காதீர்கள், அவை தெர்மாகோலையும் ஓட்டையும் அரித்துவிடும். பக்கக் கண்ணாடிக் கம்பியில் கவிழ்த்து மாட்டுவதும் உள் அடுக்கைக் குழிவிழச் செய்யும். ஒருமுறை பலமாக மோதிய ஹெல்மெட், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், தன் வேலையை முடித்துவிட்டது, மாற்றிவிடுங்கள். மோதாததையும் ஐந்தாண்டுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

விபத்து நடந்த இடத்தில்

இதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். விழுந்து கிடப்பவரைக் கண்டதும் நம் மக்கள் பதறி ஓடிவந்து முதலில் செய்வது ஹெல்மெட்டைப் பிடுங்கித் தண்ணீர் தெளிப்பது. கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு இழுப்பே தண்டுவடத்தைச் சேதப்படுத்திவிடும். அவர் மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டைத் தொட வேண்டாம். முன்கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டு, தலையையும் கழுத்தையும் அசையாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். குடிக்க எதையும் கொடுக்காதீர்கள். மூச்சு நின்றிருந்தாலோ, வாந்தியோ இரத்தமோ அடைத்துக்கொண்டாலோ மட்டும் கழற்றுங்கள். அதற்கு இருவர் வேண்டும். ஒருவர் கீழ்ப்புறமிருந்து தாடையையும் பிடரியையும் சேர்த்துத் தாங்கிக்கொள்ள, மற்றவர் பட்டையைக் கழற்றியோ அறுத்தோ விட்டு, ஹெல்மெட்டின் பக்கங்களை அகலமாக விரித்து, மெல்ல மெல்ல நேர்க்கோட்டில் உருவ வேண்டும்.

ஆம்புலன்ஸ் வந்ததும் விழுந்த நேரத்தையும், இடையில் நினைவு தப்பியதா என்பதையும் சொல்லுங்கள். கழற்றிய ஹெல்மெட்டைச் சாலையோரத்தில் விட்டுவிடாமல் அவரோடு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். எந்தப் பக்கத்தில் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்தே, தலையின் எந்தப் பகுதியில் அடி இறங்கியது என்பதை மருத்துவர் ஓரளவு கணித்துவிடுவார்.